பக்தாதின் அடுக்களை ஏடு

மன்னர்களின் போர்களை எழுதி வைத்தோர் பலர்; வீட்டு அடுப்பை எழுதி வைத்தோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் முஹம்மது இப்னுல் ஹஸன் அல்பக்தாதீ. ஹிஜ்ரி 623இல் (கி.பி. 1226) 'கிதாபுத் தபீக்' என்னும் சமையல் நூலைத் தம் சொந்த உபயோகத்திற்காகவும் பயன்படுத்த விரும்புவோருக்காகவும் அவர் இயற்றினார். உலக இன்பங்களுள் உணவே தலையாயது என்று முகவுரையில் கூசாமல் கூறுகிறார். சமைப்பவர் நகம் களைந்திருக்க வேண்டும். பாத்திரங்களைச் செங்கற்பொடியிட்டுத் துலக்க வேண்டும் என்பனவும் அவர் விதிகளே.

இன்றும் அரபு நாடுகளில் ரமளானிலும் பெருநாளிலும் வீடுதோறும் மணக்கும் ஹரீஸாவின் பக்குவம் அதில் உண்டு. கொழுத்த இறைச்சியை வேகவைத்து, எலும்பு நீக்கி, கோதுமையுடன் சேர்த்து நள்ளிரவில் நன்றாக மசித்து, விடியும்வரை அடுப்பிலேயே விட்டு, பின் சீரகமும் பட்டையும் தூவ வேண்டும். இரவெல்லாம் கண்விழித்துக் கிண்டிய பெண்டிரின் பெயர்களை மட்டும் எந்த ஏடும் குறிக்கவில்லை. நம் வீடுகளிலும் அதுதானே நிலை!

நூல் எழுந்து 32 ஆண்டுகளில், 1258இல், ஹுலாகூவின் படை பக்தாதை அழித்தது. எத்தனையோ நூல்கள் மாண்டன, இவ்வேடு தப்பியது. இஸ்தான்புல்லில் இருந்த அதன் பிரதியைக் கொண்டு தாவூத் சலபீ 1934இல் மோசுலில் அச்சிட்டார். 1939இல் ஆர்பெரியின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்ததோ, ஹைதராபாத்தின் 'இஸ்லாமிக் கல்ச்சர்' இதழில்! ஏடு வந்து சேருமுன்பே, நிஜாம்களின் அரபுப் படைவீரர்களோடு ஹரீஸா அந்நகருக்கு வந்து, ஹலீமாகி, நோன்பு திறக்கும் விரிப்பில் அமர்ந்துவிட்டிருந்தது.