வில்லங்கம் இல்லை என்று சொல்லும் தாள்



போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டுத் தாள்களை அனுப்பியிருந்தார். வீடு வாங்கப் போகிறார். "சார், முப்பது வருஷத்துக்கு ஈசி போட்டுப் பார்த்தாச்சு, வில்லங்கம் எதுவும் இல்லை. பட்டாவும் விக்கிறவர் பேர்லயே இருக்கு. அட்வான்ஸ் குடுத்துடலாமா?" என்று கேட்டிருந்தார். வக்கீலிடம் கேட்க வேண்டியதை வரலாற்று வாத்தியாரிடம் கேட்கிறாரே என்று நினைக்காதீர்கள். இது முழுக்க வரலாற்றுக் கேள்விதான்.

முதலில் பட்டா. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனிக்கு வந்த பாராமகால் பகுதியில், அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் வரி வசூலிக்கப் போனார்கள். ஜமீன்தார் இடையில் இல்லாமல் உழுகிறவனிடமே நேராக வரி வாங்கும் ரயத்வாரி முறை அங்கேதான் உருப்பெற்றது. எட்டாம் வகுப்பில் நான் இதை நடத்தியது சிலருக்காவது நினைவிருக்கும். (சென்னையில் சேணம் இல்லாத குதிரை மேல் உட்கார்ந்திருப்பாரே, அதே மன்றோதான்.) இந்த நிலத்துக்கு இவ்வளவு தீர்வை, இவர் கட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்த சீட்டுதான் பட்டா. யார் சொந்தக்காரர் என்று தீர்ப்புச் சொல்ல அது பிறக்கவில்லை. பட்டா மட்டும் உரிமை ஆவணம் ஆகாது என்று நீதிமன்றங்கள் இன்றும் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு வேர் அங்கே இருக்கிறது.

அடுத்து பத்திரப்பதிவு. போலிப் பத்திரங்களும் முன்தேதியிட்ட பத்திரங்களும் மலிந்திருந்ததால் 1864-இல் ஒரு பதிவுச் சட்டம் கொண்டுவந்தார்கள். பலமுறை மாற்றி எழுதி, கடைசியில் 1908-ஆம் வருடச் சட்டமாக அது நிலைத்தது. நாம் இன்றும் அதன்படிதான் ரேகை வைக்கிறோம். சார்பதிவாளர் என்ன பார்க்கிறார்? எழுதிக் கொடுப்பவர் இவர்தானா, தானே எழுதிக் கொடுத்ததாக ஒப்புக்கொள்கிறாரா, முத்திரைத் தீர்வை சரியா. விற்பவருக்கு அந்தச் சொத்து உண்மையில் சொந்தம்தானா என்பதற்கு அரசு பொறுப்பேற்பதில்லை. ஈசி என்பது அந்தப் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தரும் பட்டியல். பதிவுக்கே வராத மரணம், வாரிசு, பதியாத உயில் எதுவும் அதில் தெரியாது.

ஆக, வருவாய்த்துறை கேட்டது "வரி யார் கட்டுவது?" பதிவுத்துறை கேட்டது "எழுதிக் கொடுத்தது யார்?" "யாருக்குச் சொந்தம்?" என்ற கேள்வியை இரண்டுமே வாங்குபவன் தலையில் விட்டுவிட்டன. இதே ஆங்கிலேயர் ஆட்சியின் கீழிருந்த தென் ஆஸ்திரேலியாவில் 1858-இலேயே ராபர்ட் டாரன்ஸ் என்பவர், அரசுப் பதிவேட்டில் பெயர் இருந்தால் அவரே உரிமையாளர், அதற்கு அரசே பொறுப்பு என்ற முறையைக் கொண்டுவந்தார். அது நமக்கு வரவில்லை. எனக்கு இதில் இன்றும் வருத்தம் உண்டு.

சோழர் காலக் கல்வெட்டுகளில் நில விலையாவணங்கள் நிறைய. நான்கு எல்லையும் சொல்லி, மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் உட்பட விற்றதாக எழுதுவார்கள். நம் பத்திரத்தில் வரும் செக்குபந்திக்கு மூத்த அண்ணன். ஆனால் அங்கே பல இடங்களில் விற்பது ஊர்ச்சபையே. யார் நிலம் யாருடையது என்று அறிந்தவர்களே கையெழுத்திட்டார்கள். நமக்கோ விற்பவரின் முகமே அட்வான்ஸ் கொடுக்கும் அன்றுதான் தெரியும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. 1988-இல் பி.எஃப். கடனும் என் மனைவியின் நகையுமாகச் சேர்த்து ஒரு கிரவுண்டு மனை வாங்கினேன். விற்றவர் உரிமையாளரிடம் பவர் வாங்கியவர். ஈசி சுத்தம், பதிவும் முறையாக நடந்தது. மூன்று வருடம் கழித்து ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. பவர் கொடுத்த பெரியவர் என் பத்திரத்துக்கு இரண்டு மாதம் முன்பே காலமாகிவிட்டாராம். கொடுத்தவர் இறந்தால் பவரும் அன்றோடு முடிந்தது என்பது சட்டம். அவருடைய இரண்டு பெண்களும் வீட்டுக்கு வந்தார்கள். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. "எங்களுக்கும் ஒண்ணும் தெரியாதுங்க சார், அப்பா பணத்துல எங்களுக்கு ஒரு பைசா வரலை" என்றார்கள். கடன் வாங்கி அவர்களுக்கும் பணம் கொடுத்து மறுபடி கிரயம் எழுதி வாங்கினேன். என் வீட்டு மனைக்கு இரண்டு கிரயப் பத்திரங்கள் உண்டு. மன்றோவைப் பாடம் நடத்திய அதே வாத்தியாருக்குத்தான் இது நடந்தது. இப்போதெல்லாம் பவர் கொடுத்தவர் உயிரோடிருப்பதற்கு மருத்துவர் சான்று கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, முப்பது வருடம் முன்பே கேட்டிருக்கக்கூடாதா என்று மனைவி சிரித்தாள்.

மாணவர் அனுப்பிய தாள்களுக்கு வருகிறேன். தாய்ப்பத்திரம் விற்பவரின் அப்பா பெயரில். அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. உயில் இல்லை, 1996-இல் காலமாகியிருக்கிறார். பிறகு பட்டா மகன் பெயருக்கு மாறியிருக்கிறது. வாரிசுச் சான்று கேட்டு வாங்கிப் பார்க்கச் சொன்னேன். அம்மா, மகன், ஒரு மகள் என்று மூன்று பெயர். 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூவருக்கும் சமபங்கு. அம்மா கையெழுத்துப் போடத் தயார். மகளைப் பற்றிக் கேட்டால், "தங்கச்சிக்குக் கல்யாணத்திலேயே செஞ்சாச்சு" என்கிறாராம் விற்பவர். கல்யாணச் சீர் விடுதலைப் பத்திரம் ஆகாது.

அந்தத் தங்கை புனேயில் இருக்கிறாராம், பொங்கலுக்கு வருகிறாராம். அவரும் சேர்ந்து கையெழுத்துப் போடட்டும், அதுவரை அட்வான்ஸ் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். "வேற ஆள் வந்துட்டா என்ன சார் பண்றது?" என்று கேட்டார். வரட்டும் என்றேன்.