சென்ட்ரல் ஜெயில் சுவரோரம்

சென்னை மத்திய சிறையில் 1999 நவம்பர் 17 அன்று நடந்த கலவரம் சினிமாவாக வர 25 வருடம் பிடித்தது. சித்தார்த் விஸ்வநாத் இயக்கி, ஆர்.ஜே. பாலாஜி நடித்த ‘சொர்க்கவாசல்’ 2024 நவம்பர் 29இல் தியேட்டருக்கு வந்தது. அடுத்த மாதமே நெட்ஃப்ளிக்ஸில் வந்துவிட்டதால், நியூசிலாந்தின் ஆக்லாந்தில், பாபடோயிட்டோயில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தே பார்த்தேன். ஆள் பெயர்களை மாற்றி, நடந்ததைக் கலைத்துப் போட்டு வேறு கதையாகக் கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் அது எந்தச் சுவர், எந்த வருடம் என்பது அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லாமலே தெரியும். நான் அந்தப் பக்கத்து ஆள்.

அப்பாவுக்கு மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடை. 1985 மே மாதம் மார்க்கெட் எரிந்த பிறகு அல்லிக்குளத்தில் கடை கொடுத்தார்கள். ரிப்பன் கட்டடத்துப் பக்கம் கடை, சாலையைத் தாண்டி ஜி.எச். என்கிற பெரிய ஆஸ்பத்திரி, அதை ஒட்டி ஜெயில். மத்திய சிறை என்று எங்கள் பக்கம் யாரும் சொன்னதில்லை, சென்ட்ரல் ஜெயில்தான். எங்கள் கடைக்கு வந்தவர்களில் மூன்று வகை உண்டு: பாடப் புத்தகம் தேடும் பிள்ளைகள், ஆங்கில நாவல் தேடும் ரயில்வே குமாஸ்தாக்கள், மனு எழுதித் தரக் கேட்டு வரும் பெண்கள்.

உள்ளே இருக்கும் ஆளைப் பார்ப்பதற்கு ‘மனு பார்க்கிறது’ என்று பெயர். அதற்கு முதலில் ஒரு தாள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் ஜெயில் வாசலில் யாரையாவது பிடிப்பார்கள். அங்கே ஆள் கிடைக்காதபோது சாலையைக் கடந்து எங்கள் கடைக்கு வருவார்கள். “அண்ணே, எம் புள்ள பேரை இதுல எழுதிக் குடுங்கண்ணே.” அப்பா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “எந்த பிளாக்கும்மா?” என்பார். என்ன கேஸ் என்று மட்டும் கேட்க மாட்டார். காசும் வாங்க மாட்டார். பேனா அடிக்கடி காணாமல் போனதால் அதை நூலில் கட்டி மேசைக் காலோடு முடிந்து வைத்திருந்தார். அந்தப் பெண்களின் கையில் மஞ்சள் பை இருக்கும். உள்ளே பிரெட்டு, பிஸ்கட்டு, துவைத்து மடித்த லுங்கி, சில சமயம் எலுமிச்சை ஊறுகாய்ப் பொட்டலம். பிரெட்டை வாசலில் நடுவில் பிய்த்துப் பார்ப்பார்கள் என்று தெரிந்திருந்தும் நல்ல பிரெட்டாகப் பார்த்துத்தான் வாங்கி வருவார்கள்.

1837இல் கட்டிய ஜெயில் அது. வெள்ளைக்காரன் காலத்தில் அந்தமானுக்கு அனுப்ப வேண்டிய கைதிகள் கப்பல் ஏறும்வரை இங்கேதான் கிடந்தார்கள். 1932இல் உடம்பு சரியில்லாத சுபாஷ் சந்திர போஸை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். நம் காலத்துக்கு நெருங்கி வந்தால் நெருக்கடி நிலை. 1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சியைக் கலைத்த கையோடு மிசா சட்டத்தில் பிடித்தவர்களை இங்கே அடைத்தார்கள். பின்னாளில் முதலமைச்சரான ஸ்டாலின் அப்போது 22 வயதுப் பையன். பிப்ரவரி முதல் வாரத்து இரவில் விழுந்த அடியில், அவரைக் காப்பாற்றக் குறுக்கே போனவர் மேயராகவும் எம்.பி.யாகவும் இருந்த சிட்டிபாபு. அந்த அடியிலிருந்து அவர் எழுந்திருக்கவே இல்லை, அடுத்த வருடம் இறந்துபோனார். ஆட்சி மாறியதும் நீதிபதி மு.மு. இஸ்மாயில் தலைமையில் விசாரணை ஆணையம் வைத்தார்கள். கைதிகளை அடித்தது உண்மைதான் என்று அவர் எழுதிக் கொடுத்தார். கம்பராமாயணத்தில் ஊறிய மனிதர், பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவும் இருந்தவர். அப்பாவின் கடையில் கம்பன் பதிப்புகள் வந்தால் ‘இஸ்மாயில் சாருக்கு ஆகும்’ என்று ஓரமாக எடுத்து வைப்பார். வாங்க ஆள் வந்ததாக எனக்கு ஞாபகமில்லை, அது வேறு விஷயம்.

‘சொர்க்கவாசல்’ படத்தில் நட்டி நடித்திருக்கும் விசாரணை அதிகாரியின் பெயரும் இஸ்மாயில். சிறைக்குள் என்ன நடந்தது என்று அவர் முன்னால் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து சொல்கிறார்கள். ஆளுக்கு ஒரு கதை. 1976ஐயும் 1999ஐயும் ஒரே மேசையில் உட்கார வைத்த மாதிரி இருந்தது எனக்கு. திரைக்கதையில் இயக்குநரோடு தமிழ்ப்பிரபாவும் இருக்கிறார். சிந்தாதிரிப்பேட்டையை வைத்து ‘பேட்டை’ நாவல் எழுதியவர், கூவத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எப்படிப் பேசுவார்கள் என்று தெரிந்தவர்.

நடந்தது இதுதான். பாக்ஸர் வடிவேலு என்ற பெயர்பெற்ற ரவுடி கைதியாக இருந்தபோது செத்துப்போனார். நோயில் போனார் என்றது நிர்வாகம், அடித்துக் கொன்றுவிட்டார்கள் என்றார்கள் கைதிகள். செய்தி பிளாக் பிளாக்காகப் பரவி, துணை ஜெயிலர் ஜெயக்குமாரை உயிரோடு கொளுத்திவிட்டார்கள். போலீஸ் சுட்டது. கைதிகள் பலர் செத்தார்கள்.

அன்று நான் கடையில் இருந்தேன். எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் வெளிப்பக்கம்தான்: ஜி.எச். வாசலை அடைத்துக்கொண்டு நின்ற போலீஸ் வண்டிகள், ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு ஓடியவர்கள், ஷட்டரைப் பாதி இறக்கிய அப்பா. அதற்கடுத்த நாட்கள்தான் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது. மனு பார்ப்பது நின்றுபோனது. பெண்கள் வழக்கம்போல் மஞ்சள் பையோடு வந்தார்கள். வாசலில் விரட்டியதும் கடைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். அப்பா செய்தித்தாளில் இருந்த பெயர்களை உரக்க வாசித்தார். வாசித்து முடித்ததும் ஒரு அம்மா, “திருப்பி ஒருக்கா படிண்ணே, எம் புள்ள பேரு இல்லதானே?” என்றார். அப்பா மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். அந்த அம்மாவின் பிள்ளை பெயர் அதில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒன்றும் கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு ஜி.எச். பக்கம் நடந்தார்.

தமிழ் சினிமா ஜெயில் சுவருக்குள் போய்ப் பார்த்தது ஏராளம். ஆனால் வெகுகாலம் அங்கே போனது நாயகனின் பெருமையைக் காட்டத்தான். ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961) படத்தில் சிவாஜி செக்கிழுத்தது தியாகம். ‘பல்லாண்டு வாழ்க’ (1975) படத்தில் எம்.ஜி.ஆர். கைதியே இல்லை, கைதிகளைத் திருத்தும் அதிகாரி. ஜெயில் என்பது மனிதனைக் கரைத்துவிடும் இடம் என்று முதன்முதலில் எங்களுக்கு உறைக்கும்படி சொன்னது ‘மகாநதி’ (1994). சீட்டுக் கம்பெனிக்காரனை நம்பிக் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்து உள்ளே போன கிருஷ்ணசாமியாக கமல்ஹாசன் குறுகிக் குறுகி நடந்ததை எங்கள் தெருவில் நாட்கணக்கில் பேசினார்கள். அதில் வார்டராக வந்து மிரட்டியவருக்கு மகாநதி சங்கர் என்ற பெயரே நிலைத்துவிட்டது. பத்து வருடம் கழித்து, ‘சண்டியர்’ என்ற பெயருக்கு எதிர்ப்பு வந்து ‘விருமாண்டி’ ஆன படம். தூக்குத் தண்டனை வேண்டாம் என்பதற்காகவே எடுத்தது. அதுவும் ஒரே சம்பவத்தை இரண்டு வாயால் சொல்லும், கடைசியில் ஜெயில் கலவரத்தில் போய் முடியும். 1999 நடந்து ஐந்து வருடம் ஆகாத நேரத்தில் அந்தக் கடைசி அரைமணியைப் பார்த்த சென்னைக்காரர்கள் வேறெதை நினைத்திருப்பார்கள்? 2018இல் ‘வடசென்னை’ வந்தது. தனுஷ் உள்ளே கேரம் ஆடுகிறார், ஜெயிலுக்குள் ஓர் ஊரே இருக்கிறது, அதற்கு வரவு செலவு, கட்சி, கோஷ்டி எல்லாம் இருக்கிறது என்று வெற்றிமாறன் பொறுமையாகக் காட்டினார். அடுத்த வருடம் வந்த ‘கைதி’க்குப் பெயர்தான் கைதி, அது லாரிப் படம்.

இந்த வரிசையில் பாலாஜி வந்து நிற்பதுதான் வேடிக்கை. வாயை வைத்துப் பிழைத்தவர். பண்பலை வானொலியில் பேசியே பெயர் வாங்கி, கிரிக்கெட் வர்ணனைக்குப் போய், ‘நானும் ரௌடிதான்’, ‘எல்.கே.ஜி.’, ‘மூக்குத்தி அம்மன்’ என்று பேசிக்கொண்டே வந்தவர். மற்றவர் மூச்சு விடும் இடத்தில் இவர் இன்னொரு வசனம் சொல்லிவிடுவார். அவரைச் சாலையோரச் சாப்பாட்டுக் கடைக்காரன் பார்த்திபனாக்கி, செய்யாத கொலைக்கு உள்ளே தள்ளி, பேச்சைப் பிடுங்கிக்கொண்டதுதான் இயக்குநரின் சாமர்த்தியம். கடை போடுகிறவன் வாடிக்கையாளரிடம் வாய் ஓயாமல் பேசியாக வேண்டும். பாலாஜிக்கு அது கைவந்த கலை, முதல் கால்மணியில் சிரமமே இல்லை. உள்ளே போனதும் அந்த வாய்க்கு வேலையில்லை. யாரிடம் என்ன சொன்னால் எங்கே போய் விழும் என்று தெரியாத ஆள் எப்படி விழிப்பானோ அப்படி விழிக்கிறார். தோள் இறங்குகிறது. கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில்தான் வருகிறது. மனு பார்த்துவிட்டு வரும் பெண்கள் அப்பாவிடம் சொல்லும் குறை அதுதான்: “ஒண்ணுமே பேச மாட்டேங்கறாண்ணே.”

பயப்படும் இடமெல்லாம் அவருக்கு வசமாகிவிட்டது. வெறி வரும் இடங்களில் அத்தனை இல்லை, கத்துவதற்கு முன்பே கத்தப்போகிறார் என்று தெரிந்துவிடுகிறது. அங்கே படத்தைத் தாங்குவது சிகாவாக வரும் செல்வராகவன். இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ‘புதுப்பேட்டை’யை ஜெயில் கொட்டடியில் தொடங்கியவர் அவர். புதுப்பேட்டை ஜெயிலிலிருந்து நடந்துபோகிற தூரம். 2006இல் தம்பி தனுஷைக் கொட்டடியில் கத்தவிட்ட இயக்குநர், 2024இல் தானே உள்ளே உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் பேசுகிறார். துணை வேடத்தில் ஷோபாசக்தி வருகிறார். பிரான்சில் ‘தீபன்’ படத்தில் நடித்துப் பெயர் வாங்கிய ஈழத்து எழுத்தாளர். அவர் முகம் திரையில் வந்தால் எனக்கு வெலிக்கடை ஞாபகம் வராமல் இருக்காது. கொழும்பில் 1983 ஜூலை 25இலும் 27இலும் அந்தச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகளைக் கொன்றார்கள். ஆக்லாந்தில் இருக்கும் ஈழத்துக் குடும்பங்களோடு உட்கார்ந்து ஜெயில் படம் பார்த்தால் அந்தப் பேச்சு வந்துதான் தீரும்.

இந்த ஊரும் ஜெயிலுக்கு அந்நியமில்லை. பாபடோயிட்டோயில் கோஹுவோரா என்ற பழைய எரிமலைப் பள்ளம் இருக்கிறது, இப்போது பூங்கா. பக்கத்து வீரியில் 2015இல் தனியார் நிறுவனம் நடத்தும்படி திறந்த ஆண்கள் சிறைக்கும் அதே கோஹுவோரா என்ற பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். நகரத்துக்குள் மவுன்ட் ஈடன் சிறை. கைதிகளே உடைத்த எரிமலைக் கல்லால் எழுப்பியது. நியூசிலாந்தின் கடைசித் தூக்கு 1957 பிப்ரவரியில் அங்கேதான் நடந்தது. 1965 ஜூலை 20 அதிகாலையில் தப்பிக்கப் பார்த்து மாட்டிக்கொண்ட இருவரில் தொடங்கி, 33 மணி நேரம் கலவரம். காவலர்களைப் பிணையாகப் பிடித்தார்கள், உள்பக்கம் எரிந்து போனது. அதற்குப் பிறகுதான் பாரெமொரெமோவில் புதிய உயர்பாதுகாப்புச் சிறை வந்தது. ஆனால் மவுன்ட் ஈடனின் கல் கட்டடத்தை இவர்கள் இடிக்கவில்லை. 2011இல் காலி செய்தும் பாரம்பரியச் சின்னமாக அப்படியே நிற்கிறது, மோட்டார்வேயில் போகும்போது கோட்டை மாதிரி தெரியும். சென்ட்ரல் ஜெயில் கைதிகளை 2006இல் புழலுக்கு மாற்றினோம். சில நாள் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டோம். ஜனங்கள் குடும்பத்தோடு வரிசையில் நின்று கொட்டடிகளை எட்டிப் பார்த்தார்கள். 2009இல் தரைமட்டமாக்கி மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டோம். கல்லூரிக்கு இடம் வேண்டும்தான், அதில் எனக்குச் சண்டையில்லை. ஒரு பிளாக்கையாவது விட்டிருக்கலாம். விடாததால், 1999இல் என்ன நடந்தது என்று கேட்கும் பிள்ளைகளுக்குக் காட்ட செட் போட்டு எடுத்த படம்தான் இருக்கிறது.

என்னோடு உட்கார்ந்து பார்த்தவர் பக்கத்து வீட்டு ஃபிஜித் தமிழ்ப் பெண். அவருடைய பாட்டனார் கூலி ஒப்பந்தத்தில் சென்னை டிப்போவிலிருந்து கப்பல் ஏறியவர். படம் முடிந்ததும், “உள்ளுக்கு நெசமாவே இப்படித்தான் இருந்திச்சாக்கா?” என்றார். நான் என்றைக்கு உள்ளே போனேன், சொல்வதற்கு? வெளியே எப்படி இருந்தது என்று சொன்னேன், அதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. நம் ஜெயில் படங்களில் அம்மாவோ மனைவியோ வருவது கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று அழும் ஒரு காட்சிக்குத்தான். அழுது முடிந்ததும் கேமரா கைதியோடு திரும்பிவிடும். அவள் எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினாள், மனுவை யார் எழுதிக் கொடுத்தார்கள், பிய்த்த பிரெட்டை என்ன செய்தாள் என்பதெல்லாம் யாருக்கும் கதையாகப் படுவதில்லை. கலவரத்தில் சுட்ட குண்டுகளை எண்ணுகிற இயக்குநர்கள் வாசலில் நிற்கும் அந்தப் பெண்களின் வரிசையையும் கொஞ்சம் எண்ணலாம்.

பாலாஜி அதற்குள் சூர்யாவை வைத்துப் படம் இயக்கக் கிளம்பிவிட்டார். பேச்சு அவருக்குச் சோறு போடும், விடச் சொல்ல முடியாது. ஆனால் வாயை மூடிக்கொண்டு நடிக்க இன்னொரு வேடம் வந்தால் ஒத்துக்கொள்ளட்டும். நெட்ஃப்ளிக்ஸுக்குக் காத்திராமல் மானுகாவ் தியேட்டருக்கே போய், பக்கத்து வீட்டம்மாவுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கிறேன்.