வலைக்கு இட்ட துவர்: மீன்தோல் பதனிடுதலும் இரு கரைகளும்

சுங்கை வே வட்டாரத்து மளிகைக் கடைகளில் உலர்ந்த ஆவாரம்பூவும் கடுக்காய்ப் பொடியும் மருந்துப் பொருள்களாகவே விற்கப்படுகின்றன. குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையிலும் மடலேறுவோன் சூடும் மாலையிலும் ஆவிரையைச் சுட்டி மாணவர்க்கு விளக்கும் நாம், அச்செடியின் பட்டை தமிழகத்துத் தோல் தொட்டிகளை நிரப்பிய வரலாற்றைச் சொல்வதில்லை. மீன்தோலைத் தாவரப் பொருள்களால் பதனிடும் முயற்சி பல நாடுகளில் புதுமையாகப் பேசப்படும் இந்நாளில், அப்பட்டையைப் பற்றியும் சில செய்திகளைக் கூறுதல் பொருந்தும்.

பச்சைத்தோல் அழுகும் இயல்பினது. அதிலுள்ள கொலாஜன் என்னும் புரத இழைகளைத் தாவரத்தின் துவர்ப்பொருள் பற்றிப் பிணைப்பதால் அது அழுகாத தோலாகிறது. மீன்தோல் மெல்லியதாயினும் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருத்தலின், தன் தடிமனை மீறிய உறுதி உடையது. செதில் நீங்கிய குழிகள் யாரும் வரையாத கோலமாக அமைகின்றன. வெப்பம் தாங்காமையே அதன் குறை. மாட்டுத்தோல் ஏறத்தாழ 60 பாகை செல்சியசு வரை தாங்கும். குளிர்க்கடல் மீனின் தோலோ 40 பாகையைச் சற்றுக் கடந்ததுமே சுருங்கத் தொடங்கும். வெப்பமண்டல மீன்கள் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவை. ஆகவே குளிர்ந்த நீரில் கொழுப்பை நீக்கி, முதலில் மெல்லிய துவர்நீரிலும் பின்னர்ப் படிப்படியாகச் செறிந்ததிலும் ஊறவைத்தல் வேண்டும். கொழுப்பு எஞ்சினால் மீன்வாடை போகாது.

இக்கலை வளர்ந்தது பெரும்பாலும் குளிர்நாடுகளில். ஆமூர் ஆற்றங்கரை நானாய் மக்கள் மீன்தோலால் ஆடை தைத்தனர். ஐனு மக்கள் சால்மன் தோலால் காலணி செய்தனர். ஐஸ்லாந்தில் மலைவழியின் தொலைவை, அதனைக் கடப்பதற்குள் எத்தனை இணை மீன்தோல் காலணி தேயும் என்று அளந்தனராம். மைல்கல்லினும் இது நேர்மையான அளவை என்றே தோன்றுகிறது.

தமிழ்க் கரையில் மீன்தோல் பயன்படாமல் இல்லை. திருக்கையின் சொரசொரப்பான தோலால் தச்சர் மரத்தை இழைத்து மெருகேற்றினர். அதன் வால் சவுக்காயிற்று. மாலைத்தீவினர் பெரிய திருக்கையின் தோலை முரசுக்குப் போர்த்தனர். இவையனைத்தும் உலர்த்திய தோல்களே; பதனிட்டவை அல்ல. ஆனால் அதே கரையில் துவர்ப்பொருள் நாள்தோறும் கையாளப்பட்டது. நைலான் வருமுன் பருத்தி வலைகள் உப்புநீரில் இற்றுப்போகாதிருக்கப் பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்க்கப்பெற்றன. மலாய்க் கரையில் அப்பணியைச் செய்தது பாக்காவ் மரப்பட்டை. தோல் பதனிடுதற்கும் உரிய அப்பட்டை, மீனவர் இல்லத்தில் வலைக்குரிய சாயமாகவே இருந்தது. மீனவர் வலையைப் பதனிட்டனர், மீனைப் பதனிடவில்லை.

இதற்கு வெப்பமும், மீன்தோல் உணவாகிவிடுவதும், ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் மிகுதியாகக் கிடைத்தமையும் காரணங்களாகலாம். எனினும் சமூகப் பிரிவினையே வலுவான காரணம் என நாம் கருதுகிறோம். வலைத்துவரை அறிந்தவர் கரையில் வாழ்ந்தனர். தோல்துவரை அறிந்தவரோ உள்நாட்டில், தீண்டாமையால் ஒதுக்கப்பட்ட சேரிகளில் வாழ்ந்தனர். ஒருவர் அறிவு மற்றவரைச் சென்றடைய வழி இருக்கவில்லை.

அத்தோல் தொழிலாளரின் அறிவு எளியதன்று. சுண்ணாம்புத் தொட்டியில் மயிர் நீக்கி, சதை வழித்து, ஆவாரம்பட்டை நீரில் பல நாள் ஊறவைப்பர். ஆவாரையால் மட்டும் பதனிட்ட தோல் வெயிலில் செந்நிறமாக மாறிவிடும். அதனைத் தடுக்கவே இறுதியில் கடுக்காய் நீரில் இட்டு, எண்ணெய் தேய்த்தனர். இலண்டன் சந்தையில் 'கிழக்கிந்தியத் தோல்' எனப் பெயர்பெற்றது இம்முறையில் உருவான சரக்கே. ஏற்றுமதி செய்த வணிகர் பெயர்கள் ஆவணங்களில் உண்டு. தொட்டியில் நின்றவர் பெயர்கள் இல்லை.

1903இல் ஆல்பிரெட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையை அறிமுகப்படுத்தினார். வாரக்கணக்கில் ஆன வேலை நாள்கணக்கில் முடிந்தது. அதற்குக் கொடுத்த விலையைப் பாலாறு அறியும். இராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது. வேலூர் மாவட்டத் தோல் ஆலைகளின் மாசு குறித்து இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. 2015 சனவரியில் இராணிப்பேட்டைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் உடைந்ததில் பத்துத் தொழிலாளர் மாண்டனர். தாவரமுறைக்குத் திரும்ப வேண்டும் என்னும் குரலுக்கு இவை தக்க காரணங்கள். சென்னையில் 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் மீன்தோலையும் ஆய்ந்துள்ளது.

ஆனால் தாவரம் என்பதனாலேயே அது குற்றமற்றதாகிவிடாது. இதற்குச் சான்று இந்நாட்டிலேயே உண்டு. வெற்றிலையோடு மெல்லும் கத்தக்காம்பு, மலாய்மொழியில் காம்பிர், ஐரோப்பியத் தோல் ஆலைகளுக்குத் துவர்ப்பொருளாகச் சென்றது. 1830களில் பிரித்தானியச் சந்தை திறந்தபின் சிங்கப்பூரிலும், 1840கள் முதல் ஜொகூரிலும் சீனர் தோட்டங்கள் பெருகின. இலையைக் காய்ச்ச இடைவிடாது விறகு வேண்டும். காடு தீர்ந்ததும், மண் சோர்ந்ததும், தோட்டம் அடுத்த ஆற்றங்கரைக்குப் பெயர்ந்தது. ஜொகூரின் நிலமும் வருவாயும் நெடுங்காலம் இப்பயிரைச் சார்ந்தே பெரிதும் அமைந்தன. ஆற்றுத் தலைவர்களுக்குரிய கங்சூ உரிமை 1917இல் நீக்கப்பட்டது. தமிழகத்திலும் ஆவாரம்பட்டை போதாதபோது நெட்டாலிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. நீலகிரியிலும் பழனி மலையிலும் நடப்பட்ட அம்மரம் புல்வெளிகளை இன்றளவும் விழுங்கி வருகிறது.

ஆகவே மீன்தோல் பற்றிய ஆய்வு எந்தப் பட்டை, எந்த நிலத்திலிருந்து, யார் கையால் உரிக்கப்படுகிறது என்பனவற்றையும் வினவ வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கின் சந்தைகளில் கழியும் கொடுவா, திலாப்பியா தோல்கள் பதனிடத் தக்கவையே. கடுக்காயின் துவரும் அவற்றுக்கு ஏற்றது. அது உதிர்ந்த காயிலிருந்து கிடைப்பதால் மரத்தை உரிக்க வேண்டியதில்லை.

மலாய்மொழியில் 'சாமாக்' என்பது தோல் பதனிடுதலையும் அதற்குரிய பட்டை தரும் மரத்தையும் குறிக்கும் சொல். நாய், பன்றி தீண்டியதைத் தூய்மை செய்யும் சமயக் கழுவலுக்கே இன்று மக்கள் வழக்கில் அது பெரிதும் பயன்படுகிறது. அதற்குரிய சரியான சொல் 'சேர்த்து' என்பர். அரபு மொழியில் 'சமக்' என்றால் மீன். இரண்டும் தற்செயலாக ஒலியொத்த சொற்களே. இவற்றை இணைத்து வேர்ச்சொல் காண முயல்வோர் எச்சரிக்கையாக இருத்தல் நலம்.