துணையின் வாயுவை உறிஞ்சித் துடிக்கும் விண்மீன்: பெங்களூரு கருவி எதைத் தேடுகிறது?

2024 ஜனவரி 1-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ ஏவிய எக்ஸ்போசாட் செயற்கைக்கோளின் முக்கியக் கருவி போலிக்ஸ். பெங்களூருவின் ராமன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய இந்தக் கருவியின் இலக்குகளில் ஒன்று, எக்ஸ்ரே பல்சார்கள்.

எக்ஸ்ரே பல்சார் என்றால் என்ன?

பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சும் கருதான் நியூட்ரான் விண்மீன். எடை சூரியனைவிட அதிகம். குறுக்களவோ சுமார் 20 கி.மீ. பெங்களூருக்குள்ளேயே அடங்கிவிடும்!

பக்கத்தில் ஒரு ஜோடி விண்மீன் இருந்தால், அதன் வாயுவை இது இழுத்துக்கொள்ளும். காந்தப்புலம் அந்த வாயுவைத் துருவங்களில் கொண்டுபோய்க் கொட்டும். விழுந்த இடம் கொதித்து எக்ஸ்ரேயை உமிழும். விண்மீன் சுழல்வதால், கலங்கரை விளக்கம் மாதிரி அது நமக்கு விட்டுவிட்டுத் தெரியும்.

ஜோடி இருப்பது எப்படித் தெரிந்தது?

1970 டிசம்பரில் ஏவப்பட்ட உஹுரு செயற்கைக்கோள், சென்டாரஸ் எக்ஸ்-3 என்ற பல்சாரைக் கவனித்தது.

• துடிப்பு: சுமார் 4.8 விநாடிக்கு ஒருமுறை
• ஜோடியைச் சுற்றிவர: சுமார் 2.1 நாள்
• ஜோடிக்குப் பின்னால் மறைவது: ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய அரை நாள்

பல்சார் நம் பக்கம் இருக்கும்போது துடிப்பு சுமார் 40 விநாடி முன்னதாகவும், அந்தப் பக்கம் போனால் அதே அளவு தாமதமாகவும் வரும். ஒளி கடக்கும் தூரம் மாறுவதே காரணம். இதை வைத்துச் சுற்றுப்பாதையை அளக்கலாம். கூடவே ஜோடியின் வேகமும் தெரிந்தால், இரண்டின் எடையையும் கணக்கிடலாம்.

அப்புறம் என்ன புதிர்?

எக்ஸ்ரே கிளம்பும் விதம். டார்ச் மாதிரி நேராகவா, விசிறி மாதிரி பக்கவாட்டிலா? வெளிச்சம் கூடிக் குறைவதை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்றும் பார்க்கணும். இதுதான் போலரைசேஷன், பாடப்புத்தகத்தில் 'தளவிளைவு'.

நாசா 2021 டிசம்பரில் அனுப்பிய ஐஎக்ஸ்பிஇ, ஹெர்குலிஸ் எக்ஸ்-1 பல்சாரில் இதை அளந்தது. கோட்பாடுகள் 80 சதவீதம் வரை எதிர்பார்த்தன. கிடைத்த சராசரியோ 10 சதவீதத்துக்கும் குறைவு.

போலிக்ஸ் என்ன செய்யும்?

ஐஎக்ஸ்பிஇ அளப்பது 2 முதல் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை. போலிக்ஸ் அதற்கு மேலே, 8 முதல் 30 வரை. நடுவில் உள்ள பொருளில் பட்டு எக்ஸ்ரே சிதறும். சுற்றியுள்ள 4 உணர்கருவிகள், எந்தத் திசையில் அதிகம் சிதறுகிறது என்று எண்ணும்.

அங்கேயும் அளவு குறைவாகவே இருந்தால், துருவத்தில் நடப்பது பற்றிய கணக்குகளைத் திருத்த வேண்டியிருக்கும். அதிகமாக இருந்தால், குறைந்த ஆற்றலில் மட்டும் அதைக் குறைப்பது எது என்பதே அடுத்த கேள்வி.