ஏடு சொன்னதும் மண் சொன்னதும்: ஆங்கிலோ-சாக்சன் கண்ணாடிக் குவளைகள்

1883ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டாப்லோ என்னும் ஊரில், பழைய தேவாலய வளாகத்திலிருந்த புதைமேடு ஒன்று அகழப்பட்டது. பொன்னிழை ஆடையின் எச்சங்கள், கொம்புக் குவளைகள், யாழ் வகை இசைக்கருவி ஆகியவற்றோடு நான்கு கண்ணாடிக் குவளைகளும் அதில் கிடைத்தன. அவற்றின் பக்கங்களில் கொக்கி போன்ற உறுப்புகள் வரிசையாகக் கீழ்நோக்கி வளைந்திருக்கின்றன. ஆங்கிலம் அவற்றை நகம் எனக் கண்டு 'நகக் குவளை' என்றது. ஜெர்மன் மொழியோ தும்பிக்கை எனக் கண்டு 'துதிக்கைக் குவளை' என்றது.

5 முதல் 7ஆம் நூற்றாண்டு வரை வழங்கிய இக்கலங்களின் நுட்பம் வியப்புக்குரியது. ஊதி உருவாக்கிய குவளை சற்று ஆறியபின், அதன் சுவரில் கொதிக்கும் கண்ணாடித் துளி ஒன்று ஒட்டப்படும். சூட்டால் அவ்விடம் மட்டும் இளகும். மீண்டும் ஊத அது வெளியே புடைக்கும். அப்புடைப்பைக் கருவியால் இழுத்துக் கீழே ஒட்டுவர். ஆதலால் நகம் உள்ளீடற்றது. குவளையில் வார்க்கும் பானம் அதற்குள்ளும் நிறையும்.

இங்குதான் சிக்கல் எழுகிறது. 674இல் நிறுவப்பட்ட வியர்மவுத் மடாலயத்தின் சாளரங்களுக்காக, பெனடிக்ட் பிஸ்கொப் கால் நாட்டிலிருந்து கண்ணாடி வினைஞரை வரவழைத்தார் என்றும், அக்கலை அதுவரை பிரிட்டனில் அறியப்படாதது என்றும் பீட் எழுதுகிறார். அவ்வாறாயின் அதற்கு முந்தைய கல்லறைகளில் கிடைக்கும் குவளைகள் அனைத்தும் இறக்குமதியா? கென்ட் பகுதியின் ஃபேவர்ஷாமில் சிலவகைக் கலங்கள் மிகச் செறிந்து கிடைப்பதால், அவை அவ்வட்டாரத்திலேயே செய்யப்பட்டிருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர். பீட் வாழ்ந்ததோ வடக்கே நார்தம்பிரியாவில். அவர் பேசியதும் முதன்மையாகச் சாளரக் கண்ணாடியைப் பற்றியே. அவர் கூற்றை நாடு முழுமைக்கும், எல்லாக் கண்ணாடிக்கும் விரிப்பது பொருந்தாது.

மண்ணின் சான்றுக்கும் எல்லை உண்டு. கல்லறையில் பொருள் வைக்கும் வழக்கம் 8ஆம் நூற்றாண்டளவில் மறைந்ததும் முழுக்கலங்கள் கிடைப்பது அருகியது. எனினும் ஹாம்விக் போன்ற வணிகக் குடியிருப்புகளில் கிடைத்த உடைந்த சில்லுகள், கண்ணாடியில் பருகும் வழக்கம் தொடர்ந்ததைக் காட்டுகின்றன. அற்றுப்போனது புதைக்கும் வழக்கமே, பருகும் வழக்கமன்று. சான்றின் இன்மையை இன்மையின் சான்றாகக் கொள்வோர்க்கு அச்சில்லுகளே விடை.