ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கட்

ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கட் என்பது எண்ணெய் ஃபில்டர் அமரும் ஹவுசிங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் உறுப்பு. பணிமனைகளில் இதைப் பொதுவாக 'பேக்கிங்' என்பார்கள். பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் நேர்வரிசை ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்களான என்52 (2004), என்54 (2006), என்55 (2009) ஆகியவற்றில் அடிக்கடி கசியும் இடங்களுள் இதுவும் ஒன்று. உறுப்பின் விலை குறைவு. ஆனால் இதை மாற்ற ஹவுசிங்கைக் கழற்றும்போது, வடிகட்டிய எண்ணெய் பேரிங்குகளுக்குச் செல்லும் பாதை வெளியே திறந்துகொள்கிறது. இந்த வேலையில் எஞ்சின் கெடுவதற்கான வாய்ப்புகளில் பெரும்பகுதி அந்தத் திறப்பைச் சார்ந்தது.

அமைப்பு

இந்த எஞ்சின்களில் ஹவுசிங், சிலிண்டர் ஹெட்டின் முன்பகுதியில், இன்டேக் மேனிஃபோல்டு இருக்கும் பக்கத்தில் போல்ட்டுகளால் பொருத்தப்பட்டுள்ளது. பம்ப்பிலிருந்து வரும் எண்ணெய் ஒரு துளை வழியாக ஹவுசிங்குக்குள் நுழைந்து, காகித ஃபில்டரைக் கடந்து, மற்றொரு துளை வழியாக எஞ்சினுக்குத் திரும்புகிறது. இரண்டு துளைகளையும் சுற்றி அடைப்பது இந்தக் கேஸ்கட்தான். சில மாடல்களில் எண்ணெயைக் குளிர்விக்கும் வெப்பமாற்றியும் ஹவுசிங்கோடு இணைந்திருக்கும். அப்போது எண்ணெயும் கூலண்டும் அருகருகே ஓடும். வெப்பமாற்றிக்கென்று தனி கேஸ்கட்டும் இருக்கும். ஃபில்டர் மூடியில் உள்ள வளையம் வேறு. ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்தின்போதும் அது புதிதாகப் போடப்படும்.

கசிவின் காரணமும் அடையாளமும்

எஞ்சின் ஓடும்போது எண்ணெய் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறுகிறது, நின்றபின் ஆறுகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படிச் சூடேறி ஆறும் ரப்பர், மீள்தன்மையை இழந்து இறுகிவிடும். பழைய கேஸ்கட்டைக் கையில் எடுத்தால் பிளாஸ்டிக்போல் கெட்டியாகவும் தட்டையாகவும் இருக்கும்.

ஹவுசிங்கின் அடியில் பிசுக்கு, சூடான பாகத்தில் எண்ணெய் சொட்டித் தீயும் வாடை, நிறுத்திய இடத்தில் கறை ஆகியவை பொதுவான அறிகுறிகள். வால்வு கவர் கேஸ்கட் கசிந்தாலும் எண்ணெய் வழிந்து இதே பகுதியை நனைக்கக்கூடும். எனவே எஞ்சினைக் கழுவித் துடைத்து, சிறிது தூரம் ஓட்டி, ஈரம் முதலில் தோன்றும் இடத்தைப் பார்த்த பின்னரே முடிவுக்கு வர வேண்டும். புறஊதா ஒளியில் மிளிரும் சாயத்தை எண்ணெயில் கலந்து பார்ப்பதும் வழக்கம்.

கசிவை விட்டுவைத்தால்

ஹவுசிங்குக்குக் கீழே, ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட் ஓடுகிறது. எண்ணெயில் ஊறிய பெல்ட் வழுக்கி, கப்பியிலிருந்து விலகி நார்நாராகக் கிழியும். கிழிந்த நார் கிராங்க் கப்பிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு, முன்பக்க ஆயில் சீலைத் தள்ளி எஞ்சினுக்குள் நுழைந்த நிகழ்வுகள் இந்த எஞ்சின்களில் பலமுறை பதிவாகியுள்ளன. உள்ளே போன துண்டுகள் ஆயில் சம்ப்பில் விழுந்து, பம்ப்பின் உறிஞ்சு வலையை அடைத்தால் எண்ணெய் அழுத்தம் விழும். எண்ணெய் பட்ட பெல்ட்டைக் கேஸ்கட்டோடு சேர்த்து மாற்றுவது இதனால்தான்.

மாற்றும் முறை

எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு வேலையைத் தொடங்க வேண்டும். ஆல்டர்னேட்டர் முனையில் எப்போதும் மின்சாரம் இருப்பதால் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுவார்கள். கூலண்ட் குழாய் ஹவுசிங்கோடு இணைந்த மாடல்களில் கூலண்டை முன்பே வடிக்க வேண்டும். இல்லையெனில் ஹவுசிங்கை இழுக்கும்போது அது எண்ணெய்த் துளைக்குள் பாயும். ஹவுசிங்கைச் சுற்றிய மண்ணையும் பிசுக்கையும் போல்ட்டைத் தொடுவதற்கு முன்பே துடைத்துவிட வேண்டும். இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்ற நேர்ந்தால் சிலிண்டர் ஹெட்டின் வாய்களை உடனே மூட வேண்டும்.

ஹவுசிங் கழன்றதும் ஹெட்டில் உள்ள துளைகளை நார் உதிராத துணியால் அடைக்க வேண்டும். எத்தனை துணி வைத்தோம் என்று எண்ணிக்கொள்வது நல்லது. எஞ்சினுக்குத் திரும்பும் துளை ஃபில்டரைத் தாண்டிய பக்கத்தில் இருக்கிறது. அதில் விழும் தூசியைப் பிடிக்க வழியில் ஃபில்டர் ஏதும் இல்லை; அது நேராகப் பேரிங்குகளுக்கும் கேம் தண்டுக்கும் போய்ச் சேரும்.

முகப்பைச் சுத்தம் செய்யப் பிளாஸ்டிக் சுரண்டியே போதும். இரும்புக் கத்தி அலுமினியத்தில் கீறல் போடும். கீறல் வழியே மறுபடி கசியும். டிரில்லில் மாட்டும் உராய்வுத் தட்டுகள் அதைவிட ஆபத்தானவை. அவை உதிர்க்கும் அலுமினியம் ஆக்சைடு துகள்கள் எண்ணெயில் கலந்து பேரிங்கை அரித்துவிடும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் தன் பணிமனைகளுக்கு அறிக்கை அனுப்பி எச்சரித்தது. பிரேக் கிளீனரைத் துளைப்பக்கம் பீய்ச்சாமல் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும்.

ஹவுசிங்கின் பள்ளத்தையும் துடைத்துவிட்டுப் புதிய கேஸ்கட்டை முறுக்கின்றி அமர்த்த வேண்டும். சிலிக்கான் பசை தேவையில்லை. பிதுங்கி உதிரும் பசைத்துண்டு குறுகிய எண்ணெய் வழிகளை அடைத்துவிடும்.

போல்ட்டுகளை முதலில் கையால் மரையில் ஏற்றி, பிறகு டார்க் ரெஞ்ச் கொண்டு மாறி மாறிச் சமமாக முடுக்க வேண்டும். இந்த எஞ்சின்களில் ஹவுசிங் போல்ட்டுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 22 நியூட்டன் மீட்டர். ஃபில்டர் மூடிக்கு 25. வேறு எஞ்சினாக இருந்தால் அதன் பணிமனைக் கையேட்டில் உள்ள அளவே பொருந்தும். கசிவை நிறுத்தும் எண்ணத்தில் கூடுதலாக முடுக்கினால் அலுமினிய மரை பிய்ந்துவிடும். அப்போது சிறு வேலை பெருஞ்செலவில் முடியும்.

முதல் ஓட்டம்

ஹவுசிங் கழன்றபோது எண்ணெய்ப் பாதை வடிந்திருக்கும். எனவே புதிய ஃபில்டர் போட்டு, எண்ணெய் அளவைச் சரிசெய்து, எரிபொருள் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரைச் சில விநாடிகள் சுழற்றுவது வழக்கம். எண்ணெய் அழுத்தம் ஏறிய பிறகே எஞ்சினை இயக்குவார்கள். மின்சாரக் கூலண்ட் பம்ப் உள்ள மாடல்களில் கூலண்டை நிரப்பியதும் காற்று நீக்கும் செயல்முறையைத் தொடங்க வேண்டும். ஹீட்டரை உச்ச வெப்பத்திலும் குறைந்த காற்றிலும் வைத்து, ஆக்சிலரேட்டரைச் சுமார் 10 விநாடி முழுதாக மிதித்தால், பம்ப் ஏறத்தாழ 12 நிமிடம் தானாக ஓடி நிற்கும்.

சூடேறிய எஞ்சினை நிறுத்தி, ஹவுசிங்கின் அடிப்பகுதியை வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்க்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி பார்க்கும்போதும் துணி உலர்ந்தே வந்தால் கேஸ்கட் சரியாக அமர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.