துரையின் தமிழும் தொழிலாளியின் நியாயமும்: இலங்கைத் தோட்டங்களில் மொழியறிவு (1865–1931)

முன்னுரை

புலம்பெயர்ந்த தொழிலாளர் பணியிடத்தின் மொழியைக் கற்றுக்கொண்டால் அவர்களுக்கு நியாயம் கிட்டும் என்னும் கருத்து இன்று பல நாடுகளில் முன்வைக்கப்படுகிறது. மொழியறியாமையே சுரண்டலுக்கு வழிவகுக்கிறது என்னும் எண்ணம் இதற்கு அடிப்படையாகும். இலங்கை மலையகத் தோட்டங்களின் வரலாறு இவ்வெண்ணத்தை மீளாய்வுக்கு உட்படுத்துகிறது. அங்குப் பிறமொழி கற்றவர் தொழிலாளி அல்லர். அவரை வேலைவாங்கிய ஐரோப்பியத் துரையே ஆவார். துரை தமிழறிந்திருந்தும் தொழிலாளியின் நிலை உயராமைக்கான காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

கட்டளைத் தமிழ்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் காப்பித் தோட்டங்களுக்கும், 1869இல் காப்பிப் பயிரைத் தாக்கத் தொடங்கிய இலைநோயின் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்னை மாகாணத்திலிருந்து தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் சென்றனர். அவர்களை மேற்பார்வையிட வந்த இளம் ஐரோப்பியர்க்குத் தமிழறிவு இன்றியமையாததாயிற்று. அத்தேவையை நிறைவுசெய்யக் கையடக்க நூல்கள் வெளிவந்தன. கொழும்பில் பெர்குசன் என்பார் வெளியிட்ட ‘இங்கே வா’ என்னும் வழிகாட்டி அவற்றுள் குறிப்பிடத்தக்கது. அது ‘சின்ன துரை’ எனப்பட்ட உதவித் தோட்ட அதிகாரிக்காக எழுதப்பட்டது. பின்னர் வெல்ஸ் என்பார் இயற்றிய நூல் ‘கூலித் தமிழ்’ எனும் பொருள்படும் ஆங்கிலப் பெயரையே தாங்கியிருந்தது.

‘இங்கே வா’ என்னும் தலைப்பே ஆய்வுக்குரியது. ‘வா’ என்பது முன்னிலை ஏவல் ஒருமை. ‘வாருங்கள்’ என்னும் மரியாதை வடிவம் தமிழில் இருக்க, வயதில் மூத்தோரையும் பெண்டிரையும் ஒருமையில் விளிக்கும் வடிவமே துரைக்கு முதற்பாடமாயிற்று. இத்தகைய நூல்கள் வெட்டுதல், கொத்துதல், கொழுந்து பறித்தல் முதலிய வேலைகளுக்கான ஏவல்களை முதன்மைப்படுத்தின. மொழி இங்கு உரையாடலுக்கன்றி வேலை வாங்குதற்கே கற்கப்பட்டது.

கணக்கேட்டின் மொழி

பேச்சில் தமிழ் வழங்கினும், கூலியைத் தீர்மானித்த ஏடு ஆங்கிலத்தில் இருந்தது. ‘செக்ரோல்’ எனப்பட்ட வருகைப் பதிவேட்டில் பெயர் பதியப்பட்டால்தான் அன்றைய கூலி உண்டு. இதனால் ‘பேர்’ என்னும் சொல் தோட்ட வழக்கில் ஒருநாள் கூலியையே குறிக்கலாயிற்று. பாதிக் கூலி ‘அரைப்பேர்’ எனப்பட்டது. விடியலில் பெரட்டுக்களத்தில் தமிழில் ஏவப்பட்ட வேலை, மாலையில் தொழிலாளி வாசிக்க இயலாத ஏட்டில் முழுப்பேராகவோ அரைப்பேராகவோ மாறியது. பெரும்பாலான தொழிலாளர் எழுத்தறிவற்றோராகவும் இருந்தமையால் அதனைச் சரிபார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை.

துரை தமிழறிந்தமையால் கங்காணியின் இடைநிலையும் நீங்கவில்லை. ஆள்சேர்த்தல், முன்பணம் கொடுத்தல், குறைகளைத் துரையிடம் எடுத்துரைத்தல் ஆகியன கங்காணியின் கையிலேயே இருந்தன. தோட்டம் விட்டுத் தோட்டம் மாறுதற்குத் ‘துண்டு’ என்னும் சீட்டு வேண்டியிருந்தது. குறிப்பிட்ட கடன்தொகை செலுத்தப்பட்டால் அக்குழுவினர் விடுவிக்கப்படுவர் என்று தோட்ட அதிகாரி அதில் எழுதித் தருவார். தம் பெயரில் எவ்வளவு கடன் ஏற்றப்பட்டுள்ளது என்பதைத் தொழிலாளர் பலர் அறியார்.

சட்டத்தின் முன்

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச் சட்டம், முன்னறிவிப்பின்றி வேலையை விட்டு நீங்குதலைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. நீதிமன்றத்தின் மொழியும் ஆங்கிலமே; தொழிலாளியின் கூற்று மொழிபெயர்ப்பாளர் வழியாகவே நீதிபதியைச் சென்றடைந்தது. களத்தில் தமிழ் பேசிய அதே துரை, மன்றத்தில் ஆங்கிலத்தில் முறையிட வல்லவராக இருந்தார். இருமொழியறிவு அவருக்குக் கூடுதல் வலிமையாயிற்று.

மாற்றம் மொழிப்பயிற்சியால் வரவில்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் துண்டு முறையும் சிறைத்தண்டனை விதிகளும் நீக்கப்பட்டன. இந்தியாவில் 1922இல் இயற்றப்பட்ட குடிபெயர்வுச் சட்டத்தைத் தொடர்ந்து இந்திய அரசின் முகவர் கண்டியில் அமர்த்தப்பட்டார். இதனால் தோட்டத்திற்கு வெளியே முறையிட ஓரிடம் கிட்டியது. 1927இல் இந்தியத் தொழிலாளர்க்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நிறைவேறியது.

இதே காலத்தில் தஞ்சையிலிருந்து சென்ற கோ. நடேசய்யர் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய இதழ்களின் வழி உரிமைக்கான சொற்களைத் தமிழில் புழங்கவிட்டார். அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மாள் பாடல்கள் புனைந்து கூட்டங்களில் பாடினார்; எழுத்தறியாதோரையும் அவை சென்றடைந்தன. 1931இல் நடேசய்யர் தோட்டத் தொழிலாளர்க்கெனச் சம்மேளனம் ஒன்றை நிறுவினார். ஏவலுக்குரியதாக இருந்த தமிழ், இம்முயற்சிகளால் தொழிலாளி தம் கோரிக்கையை முன்வைக்கும் மொழியாகவும் ஆயிற்று.

முடிவுரை

மேற்கண்டவற்றால் இரு முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, பணியிடத்தில் ஒருவர் மற்றவரின் மொழியை அறிந்திருத்தல் மட்டும் நியாயத்தை உறுதிசெய்யாது. அம்மொழி எதற்காகக் கற்கப்பட்டது என்பதும் கருதத்தக்கது. மற்றொன்று, பேச்சுமொழியைவிடக் கூலி ஏடு, கடன்சீட்டு, நீதிமன்றம் ஆகியவற்றின் மொழியே தொழிலாளியின் வாழ்வைத் தீர்மானித்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களுள் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியானபோது ஏட்டின் மொழி மீண்டும் அவர்களுக்கு எட்டாததாயிற்று. எனவே புலம்பெயர் தொழிலாளியின் மொழித்திறனை அளக்க முற்படுமுன், அவர்தம் கூலிக் கணக்கு அவர் வாசிக்கத்தக்க மொழியில் உள்ளதா, அவர்தம் முறையீட்டைக் கேட்க அவரை வேலைவாங்குபவரல்லாத ஒருவர் உளரா என்பனவே முதலில் வினவத்தக்கன.